உமாபதி தலையாட்டிய சுவர்

ஆந்திர எல்லையோர நகரியில் உமாபதியிடம் ஏதாவது காரியம் ஆகவேண்டுமென்றால், தறி ஓடுகிற நேரமாகப் பார்த்துப் போய்க் கேட்க வேண்டும். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. நாலு பவர்லூமும் சேர்ந்து அடிக்கும் கொட்டகைக்குள் மனிதக் குரல் எடுபடாது. எதிரில் நிற்பவரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். பல வருஷமாக அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்து பழகிவிட்ட உமாபதி, மரியாதைக்குத் தலையை ஆட்டிவிடுவார். ஆட்டிய தலைக்கு அப்புறம் மறுபேச்சு கிடையாது. அவர் மனைவி கிருஷ்ணம்மா கலர் டிவி வாங்கியது அப்படித்தான். அவரிடம் தறி ஓட்டும் ஏழுமலை, தீபாவளிக்கு முன்னாலும் பின்னாலும் சேர்த்து லீவு வாங்கியதும் அப்படித்தான்.

பக்கத்து வீட்டு முனிகிருஷ்ணன் சுவர் எழுப்பியதும் அப்படியேதான்.

முனிகிருஷ்ணன் வடமாலபேட்டைப் பக்கம் ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்து, பிறகு குத்தகைக்குப் பயிர் வைத்து, நகரிக்கு வந்து வீடு வாங்கியவர். அவர் மனைவி வெங்கடலட்சுமி, உமாபதியின் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுப்பாள். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல்கட்டைக்குத்தான் தார் என்று பெயர். அவள் சுற்றிய தார் ஓடும்போது நூல் அறுந்ததே இல்லை என்று உமாபதி ஊரெல்லாம் சொல்வார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பொதுச் சுவர். அந்தச் சுவரைப் போலவே உறவும் பொதுவாகத்தான் இருந்தது, முனிகிருஷ்ணன் மகன் ஹரிபாபு குவைத்துக்குப் போகும் வரை.

அந்த வருஷங்களில் தெருவில் ஆள் குறையக் குறைய மாடி கூடிக்கொண்டே வந்தது. ஒரு பையன் குவைத்துக்குப் போனால் ஒரு மாடி. இன்னொருவன் பெங்களூருக்குப் போனால் மாடிக்கு ஒரு பால்கனி. ஹரிபாபுவுக்குக் கல்யாணம் பேசி முடித்ததும், புதுப்பெண்ணுக்கு ஒரு ரூம் வேண்டுமென்று முனிகிருஷ்ணன் வீட்டிலும் செங்கல் லாரி வந்து நின்றது. நாகையா மேஸ்திரி வந்து பொதுச் சுவரின் தலைமேலேயே நூல் பிடித்தார்.

அன்று உமாபதி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

"யாரக் கேட்டுண்ணா பொதுச் சுவத்து மேல ஏத்தற?"

"உன்னத்தான் கேட்டன். தலைய ஆட்னியே."

"தறி ஓடிக்கினு இருந்துச்சா?"

"ஓடிக்கினுதான் இருந்துச்சு. நல்லா ரெண்டு தரம் ஆட்ன."

உமாபதி லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனார். சுவர் எழுந்தது.

சுவர் முடிந்து, உள்பக்கம் மட்டும் பூச்சு முடிந்தது. உமாபதியின் கொட்டகையைப் பார்த்த பக்கம் பூசாத செங்கல்லாகவே நின்றது. கண் படாமல் இருக்க அதில் ஒரு திருஷ்டி பொம்மையைத் தொங்கவிட்டார்கள். முழி பிதுங்கி, நாக்கைத் தொங்கப்போட்டு, முறுக்கு மீசையோடு அது சரியாக உமாபதியின் கொட்டகை வாசலையே பார்த்தது.

ஒருநாள் காலையில் டீ தம்ளரோடு பின்பக்கம் வந்த உமாபதி அந்தப் பொம்மையைப் பார்த்தார். பொம்மை அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்துக் கொடியைப் பார்த்தார். கொடியில் காயப் போட்ட துணி ஒரு நூல்கூட அசையவில்லை. பொம்மை மட்டும் ஆமாம், ஆமாம் என்று ஆட்டிக்கொண்டே இருந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு, ஏணியை எடுத்துச் சாத்தி ஏறிச் செங்கல்மேல் உள்ளங்கையை வைத்தார். குளிர்ஜுரம் வந்தவன் உடம்பைத் தொட்டதுபோல் இருந்தது. சுவர் நடுங்கியது.

ஏணியில் நின்றபடியே கீழே பார்த்தார். சுவருக்கு நேர் கீழே கொட்டகையின் சிமென்ட் ஷீட். ஷீட்டுக்குக் கீழே அவருடைய நாலு தறி. சுவர் சாய்ந்தால் ஷீட் தூள். அப்புறம் தறி நாலும் ஏற்றிய பாவுநூலோடு சேர்ந்து சப்பட்டை. ஏழுமலையும் சப்பட்டை. அவரும் உள்ளே இருந்தால் அவரும். மழைக்காலம் வேறு வந்துகொண்டிருந்தது.

"இன்னாப்பா, என் சுவத்துக்கு நாடி பாக்கறியா?"

மொட்டைமாடியிலிருந்து முனிகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார். தறிச் சத்தத்தைத் தாண்டிக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"சுவரு ஆடுதுண்ணா."

"எது?"

"உன் சுவரு. ஜன்னி வந்த மாதிரி ஆடுது. கைய வச்சிப் பாரு."

"ஏணி ஆடும். ஏணி மேல நீ ஆடுவ. என் சுவரு ஆடாது. நாகையா கட்டினது."

"நாகையா இன்னா வச்சாரு, ஒத்தக்கல்லுதான வச்சாரு?"

"மாடிக்கு ஒத்தக்கல்லு போதும். நான் இன்னா கோட்டையா கட்றன்?"

"கீழ என் தறி கீதுண்ணா."

"இருக்கட்டும். என் புள்ள அங்க வெயில்ல காஞ்சி கருவாடாயி கட்டின ரூமு இது. உனக்கு வயிறு எரிஞ்சா மோர் குடி."

உமாபதி ஏணியிலிருந்து இறங்கினார். டீயில் ஈ விழுந்திருந்தது. பொம்மை இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரமே கட்டடங்களைப் பார்க்கும் அரசாங்க உதவி இன்ஜினியர் ஏ.இ.யிடம் போனார். ஏ.இ. சித்தூரிலிருந்து மாற்றலாகி வந்த தெலுங்குக்காரர். உமாபதி வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. அவருடைய தெலுங்கு, தமிழ்ச் சொல்லின் வாலில் தெலுங்கைக் கட்டி ஓட்டுகிற தெலுங்கு. அது நூல் கடையில் போதும். ஆபீசில்தான் காலை வாரிவிட்டது.

"சார், கோட ஆடுதுந்தி சார்," என்றார் உமாபதி. கோட என்றால் சுவர். அதில் தப்பில்லை. ஆனால் தெலுங்கில் ஆடுதுந்தி என்றால் விளையாடுகிறது என்று அர்த்தம்.

ஏ.இ. பேனாவைக் கீழே வைத்தார். "ஏம் ஆட்ட ஆடுதுந்தி? கபடியா, கிரிக்கெட்டா?"

ஆபீசே சிரித்தது. உமாபதி கையை விரித்து, உடம்பைக் குலுக்கி, சுவர்போல நடித்துக் காட்டினார். அதைப் பார்க்கப் பக்கத்து ரூமிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கடைசியில் அந்த நடிப்புக்காகவோ என்னவோ, ஏ.இ. நேரிலேயே வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

ஸ்கூட்டர் வாசலில் நின்றதும் உமாபதி ஏழுமலைக்குக் கையைக் காட்டினார். நாலு தறியும் நின்றன. ஆபீசர் வீடு தேடி வந்திருக்கிறார், அவர் பேசுவது காதில் விழ வேண்டாமா? நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, பக்கத்து வீட்டு மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முனிகிருஷ்ணன் கைகட்டி நின்றார். ஏ.இ. சுவரில் கையை வைத்தார். காதை வைத்தார். செருப்புக்காலால் ஒரு உதையும் விட்டார். சுவர் மலைபோல நின்றது. வெளியே பொம்மை நாக்கைத் தொங்கப்போட்டபடி அசையாமல் இருந்தது.

"ஆட்ட அயிபோயிந்தா?" என்று கேட்டார் ஏ.இ. ஆட்டம் முடிந்ததா என்று அர்த்தம். ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்பியதும் ஏழுமலை தறியைப் போட்டான். டீ நேரத்துக்கு உமாபதி பின்பக்கம் போய்ப் பார்த்தால், பொம்மை பழையபடி ஆமாம், ஆமாம்.

"ஆளப் பாத்து ஆடுதுமே இது," என்றார் கிருஷ்ணம்மாவிடம். "ஆபீசரப் பாத்தா அடங்கிப் போவுது. என்னக் கண்டா ஆடுது."

"நீ ஒண்ணும் சொல்லாத. தெருவுல நம்ம வூட்டுக்கு இன்னா பேரு வச்சிக்கீறாங்க தெரியுமா? கபடிக்காரர் வூடாம்."

உமாபதிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே திருப்பதிக்குப் பஸ் ஏறினார். கிருஷ்ணம்மாவின் தம்பி சிவசங்கரன் அங்கே லாட்ஜ் கட்டுகிற இடத்தில் சூப்பர்வைசர். அப்போது திருப்பதியில் பஸ் நிலையத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் லாட்ஜ்தான் எழும்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்ற சிவசங்கரன், மாமா மூச்சு வாங்க ஏறி வருவதைப் பார்த்து, வீட்டில் யாருக்கோ என்னவோ என்று பயந்துவிட்டான்.

"அக்காவுக்கு இன்னா மாமா?"

"அக்காவுக்கு ஒண்ணும் இல்ல. பக்கத்து வூட்டு சுவத்துக்குத்தான் ஒடம்பு சரியில்ல."

ஞாயிற்றுக்கிழமை சிவசங்கரன் தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாவற்றோடும் வந்தான். மச்சான் வந்திருக்கும்போது தறியைத் தடதடவென்று ஓடவிட்டால் கிருஷ்ணம்மாவின் முகம் எப்படிப் போகும் என்று உமாபதிக்குத் தெரியும். தறியை நிறுத்தச் சொன்னார். சிவசங்கரன் குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். மட்டத்தை வைத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு மாமாவைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மாமா, தறிச் சத்தத்துல காதுதான் போவும்னு நெனச்சன். கண்ணும் போச்சா?"

"இன்னாடா சொல்ற?"

"சுவரு கோடு போட்ட மாதிரி நிக்குது. நான் கட்ற லாட்ஜுலகூட இவ்ளோ நேரா நிக்கல. நீங்க ஒருதரம் கண் டாக்டரப் பாருங்க."

முனிகிருஷ்ணன் மாடியிலிருந்து பவ்யமாகக் கேட்டார், "சாருக்கு மோர் கொண்டு வரச் சொல்லட்டா?"

அன்று சாயந்திரம் உமாபதி சாப்பிடவில்லை. படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் வயிற்றெரிச்சல்காரன் என்கிறது. மச்சான் குருடன் என்கிறான். இதெல்லாம் போகட்டும். ஆனால் அந்தச் சுவர் ஆடுகிறது. அதைக் கையால் தொட்டுப் பார்த்தவர் அவர். ஒரு நல்ல மழை போதும், நாலு தறியும் போச்சு.

கிருஷ்ணம்மாதான் வேறு ஒரு செய்தி கொண்டு வந்தாள். ஆம்பிளைகள் முறைத்துக்கொண்டாலும், தார் சுற்றுவதும் அதை வாங்கி வருவதும் நிற்கவில்லை. தார் வாங்கப் போனவளை வெங்கடலட்சுமி மாடி ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஹரிபாபு குவைத்திலிருந்து அனுப்பிய கண்ணாடிச் சாமான்களைக் காட்டியிருக்கிறாள். அலமாரியில் கண்ணாடி மான், கண்ணாடி வாத்து, ஒரு கண்ணாடி ஒட்டகம். ஒவ்வொன்றின் காலிலும் புடவைக்கரைத் துணியைச் சுற்றி அலமாரிக் கம்பியோடு கட்டி வைத்திருந்தாள்.

"ஏங்க்கா கட்டி வச்சிக்கீற?" என்று கேட்டாளாம் கிருஷ்ணம்மா.

"பூன தொல்ல."

"மூடின அலமாரிக்குள்ள பூன எப்டிக்கா போவும்?"

"இந்த வூட்டு பூன அப்டி," என்று சொல்லி வெங்கடலட்சுமி கதவைச் சாத்திவிட்டாளாம்.

இதைக் கேட்டதும் உமாபதி எழுந்து உட்கார்ந்து, "சோறு போடு," என்றார்.

ஹரிபாபு ஊருக்கு வரும் நாள் முடிவாகிவிட்டது. அதற்கு முன்னால் புது ரூமில் பால் காய்ச்ச முனிகிருஷ்ணன் நாள் பார்த்தார். உமாபதியை அழைக்க நேரிலேயே வந்தார். கையில் வெற்றிலைத் தட்டு. அன்று தறி ஓடவில்லை. வேண்டுமென்றே கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்திருந்தார்.

"எல்லாரும் வராங்க. ஏ.இ. சாரையும் கூப்ட்டுக்கீறன். உன் மச்சானையும் கூப்ட்டுக்கீறன். அத்தன பேரு முன்னாலயும் அந்த ரூம்ல நின்னு, இந்தச் சுவரு ஆடலன்னு நீ உன் வாயால சொல்லணும்."

"ஆடுச்சின்னா?"

"ஆடுச்சின்னா என் கையாலயே இடிச்சிடறன். ஆடலன்னா என் சுவத்தப் பத்தி இனிமே நீ வாயத் தொறக்கக்கூடாது. இன்னா சொல்ற? இப்ப தறி ஓடல. நல்லா யோசிச்சித் தலைய ஆட்டு."

உமாபதி யோசித்தார். யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

பால் காய்ச்சுகிற அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. லுங்கி ஆர்டர் ஒன்று முடிக்காமல் கிடந்ததால், கிளம்பும்போது ஏழுமலையிடம் சொன்னார், "கரண்ட் வந்தா நாலையும் போட்டுடு. எனக்காகப் பாக்காத." அவர் கொட்டகையில் இல்லாமல் தறி ஓடுவது அபூர்வம்.

ரூம் நிறைய ஜனம். புதுச் சுண்ணாம்பு வாசனை. ஏ.இ. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிவசங்கரன் பக்கத்தில் பாயசத் தம்ளரோடு நின்றான். வந்தவர்கள் பார்க்கட்டும் என்று முனிகிருஷ்ணன் கண்ணாடிச் சாமான்களின் கட்டை அவிழ்த்து, அலமாரியைத் திறந்து வைத்திருந்தார். வெங்கடலட்சுமி வேண்டாம் என்று கண் காட்டியதை அவர் கவனிக்கவில்லை.

"உமாபதி, வாப்பா," என்றார் சபைக்குக் கேட்கும்படி. "கைய வச்சிப் பாத்து, வாயத் தொறந்து சொல்லு."

உமாபதி சுவரில் கையை வைத்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். உள்ளங்கைக்கு அடியில் ஒன்றுமில்லை. செங்கல் செங்கல்லாகவே இருந்தது. பாவி, இன்றைக்கும் ஆளைப் பார்த்து அடங்கிவிட்டது. கையை இடம் மாற்றி வைத்தார். ஒன்றுமில்லை. நெற்றியில் வேர்த்தது.

"சொல்லுப்பா."

"சொல்றன். இந்தச் சுவரு..."

தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. கரண்ட் வந்துவிட்டது. காற்று வந்ததில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. உமாபதி முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"இந்தச் சுவரு..."

கீழே கொட்டகையில் ஓரத்துத் தறி ஓடத் தொடங்கியது. சத்தத்தை வைத்தே எந்தத் தறி என்று அவருக்குத் தெரியும். அலமாரியில் மானும் வாத்தும் ஒன்றோடொன்று உரசி டிங் என்றன.

இரண்டாவது தறி ஓடியது. சிவசங்கரன் கையிலிருந்த பாயசத்தில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. முந்திரி ஒன்று ஓரத்துக்கு வந்து ஒதுங்கியது.

மூன்றாவது தறியில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஊஞ்சலாடியது. ஏ.இ. சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நாலாவது, உள்ளதிலேயே பழைய தறி. அது ஓடுவது நொண்டி ஓடுவதுபோல இருக்கும். அது ஓட ஆரம்பித்ததும் குவைத் ஒட்டகம் நடந்தது. ஒவ்வொரு அடியாக, எங்கும் அவசரமில்லாமல், பாலைவனத்தில் நடப்பதுபோலவே நடந்து அலமாரி விளிம்புக்கு வந்தது. ஒரு கணம் நின்றது. அப்புறம் விழுந்து சுக்கலாகியது.

எல்லோரும் குனிந்து ஒட்டகத் துண்டுகளைப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா?" என்றார் உமாபதி. அவர் முகம் பால் பொங்கியதுபோலப் பொங்கியது. "பாத்தீங்களா சார்? ஆடுது. ரெண்டு மாசமா சொல்லிக்கினு கீறன். பைத்தியக்காரன்னு சொன்னீங்க. மச்சான், நீயே சொல்லு. எனக்கா கண்ணு போச்சு?"

சிவசங்கரன் பாயசத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, கீழ தறிய நிறுத்தச் சொல்லுங்க."

"ஏன்?"

"நிறுத்தச் சொல்லுங்க."

உமாபதி மாடி ஓரம் போய், கொட்டகை வாசலைப் பார்த்துக் குனிந்து, "ஏழுமல, தறிய நிறுத்துடா," என்று கத்தினார். வாசலோரம் நின்ற ஏழுமலை நிமிர்ந்து பார்த்தான். முதலாளியின் வாய் அசைவது தெரிந்தது. மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டான். தறி ஓடிக்கொண்டே இருந்தது.

கிருஷ்ணம்மாதான் இறங்கிப் போய் சுவிட்சை அணைத்தாள். காலண்டர் நின்றது. பாயசம் அடங்கியது. மாடி ஓரத்திலிருந்து சிவசங்கரன் ஜாடை காட்ட, மறுபடி போட்டாள். காலண்டர் ஆடியது. அணைத்தாள். நின்றது.

இப்போது ரூமில் எல்லோரும் சுவரை விட்டுவிட்டு உமாபதியைப் பார்த்தார்கள். உமாபதிக்கு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஸ்கூட்டர் வந்ததும் ஏழுமலைக்குக் கை காட்டியது. மச்சானுக்காகத் தறியை நிறுத்தியது. சாட்சிக்கு வந்தவர்களையெல்லாம் மரியாதை செய்தே அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஏ.இ. கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "விஷயம் அர்த்தம் அயிந்தி," என்று ஆரம்பித்து, எல்லோருக்கும் விளங்கட்டும் என்று இதுவரை வெளிக்காட்டாத தமிழுக்கு மாறினார். "வீடுங்க நடுவுல இந்த மாதிரி தறி ஓட்டக்கூடாது. தறிய நிறுத்தணும். இல்லன்னா இந்தச் சுவர எடுக்கணும். சுவர் ஆடுதுன்னு ரெண்டு பேர்ல ஒருத்தர் சொன்னாலும், நான் நோட்டீசு தறிக்குத்தான் குடுப்பேன். ஆடலன்னா நான் வந்த வழியே போறேன். இப்ப சொல்லுங்க, ஆடுதா, ஆடலயா?"

மேலே சுவர் விழுந்தால் தறி போகும் என்று இதுவரை உமாபதி பயந்தார். இப்போது சுவர் விழாமலேயே தறி போகப்போகிறது.

"ஆடல சார்," என்றார்.

"இன்னாது?" என்றார் முனிகிருஷ்ணன்.

"ஆடல சார். கல்லு மாதிரி நிக்குது. நாகையா கட்டினது."

முனிகிருஷ்ணனுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "இன்னா ஆடல? ரெண்டு மாசமா ஆடுது ஆடுதுன்னு சொல்லி என் மானத்த வாங்கின. இப்ப என் வூட்டு ஒட்டகம் செத்துக் கெடக்குது, ஆடலன்றியா? ஆடுது சார். நல்லா ஆடுது. கட்டின நாள்லருந்து ஆடுது. ராத்திரில கட்டிலே நகருது."

"பூனன்னு சொன்னீங்களாமே," என்றார் உமாபதி.

"உன் தறிதான்யா பூன."

"உன் சுவரு ஆடல, நானே சொல்றன், நீ ஏண்ணா ஆடுதுன்ற?"

"என் சுவரு, ஆடுதா இல்லயான்னு எனக்குத் தெரியாது?"

ஏ.இ. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அதைப் பார்த்ததும் வெங்கடலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து புருஷனின் கையைப் பிடித்தாள்.

"யோவ். தறி நின்னுட்டா நான் யாருக்குத் தார் சுத்தறது?"

"இப்ப எதுக்கு உனக்குத் தாரு? புள்ள குவைத்துல கீறான்."

"புள்ள பணம் அனுப்பாத வருஷம் நம்ம துன்னது எதுல? இந்தத் தார்லதான். அவன் பாஸ்போர்ட்டுக்கு அலஞ்சதும் இந்தத் தார்லதான். இன்னிக்கி மாடி வந்துட்ச்சின்னு கீழ கீறவன் தறிய நிறுத்துவியா?"

முனிகிருஷ்ணன் மனைவியைப் பார்த்தார். உடைந்த ஒட்டகத்தைப் பார்த்தார். உமாபதியைப் பார்த்தார். உமாபதி சுவரில் வைத்த கையை எடுக்காமலேயே நின்றுகொண்டிருந்தார், அது விழாமல் தாங்கிப் பிடிப்பதுபோல.

"ஆடுது சார்," என்றார் முனிகிருஷ்ணன் மெதுவாக. "ஆனா தறியால இல்ல. காத்துக்கு."

"காத்தா?" ஏ.இ. நாலு சுவரையும் பார்த்தார். "ரூமுக்குள்ளயா?"

"ஃபேன் காத்து சார்," என்றார் உமாபதி.

ஏ.இ. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவைப் பைக்குள் வைத்தார். "மீரே ஆடுகோண்டி," என்றார். நீங்களே விளையாடிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். தமிழில் எடுத்துக்கொண்டாலும் தெலுங்கில் எடுத்துக்கொண்டாலும் அது அந்த இடத்துக்குப் பொருந்தியது. வாசலில் திரும்பி நின்று, "மறுபடி வருவேன். அப்ப இந்தச் சுவர் ஆடினா காத்துன்னு சொல்லக்கூடாது," என்று சொல்லிவிட்டு, மீதிக் கேசரியைப் பொட்டலம் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

வழியைச் சிவசங்கரன் சொன்னான். தறி நாலையும் பொதுச் சுவரோடு ஒட்டிப் போல்ட் போட்டிருந்ததுதான் வினை. எல்லாவற்றையும் சுவரைவிட்டு நகர்த்தி, காலுக்கடியில் பழைய லாரி டயரை வெட்டி வைக்க வேண்டும். ஒற்றைக்கல் சுவருக்கு இரண்டு முனையிலும் தூண் கொடுக்க வேண்டும். அதில் ஒரு தூண் உமாபதியின் இடத்தில்தான் இறங்கும்.

"என் எடத்துலயா?" என்றார் உமாபதி.

"மாமா, ஃபேன் காத்துன்னு சொன்னது யாரு?"

தறி நகர்த்துகிற வேலை பெரிய வேலை. ஒரு பக்கம் உமாபதியும் ஏழுமலையும் தூக்க, மறுபக்கம் முனிகிருஷ்ணனும் நாகையா மேஸ்திரியும் தூக்கினார்கள். நொண்டித் தறியைத் தூக்கும்போது முனிகிருஷ்ணன் கால்மேல் அது இறங்கப் பார்த்தது.

"மெதுவாண்ணா. அது உன் ஒட்டகத்துக்கே எமன்," என்றார் உமாபதி.

"இதத்தான மொதல்ல கீழ தள்ளணும்," என்றார் முனிகிருஷ்ணன். ஆனால் பிடியை விடவில்லை.

ஹரிபாபு வந்தான், கல்யாணம் முடிந்தது, புதுப்பெண் மாடி ரூமுக்குக் குடி வந்தாள். வேறொரு கண்ணாடி ஒட்டகமும் வந்தது. அதன் காலில் கட்டுப் போடவில்லை. உமாபதி தினமும் காலையில் டீ தம்ளரோடு பின்பக்கம் போய்த் திருஷ்டி பொம்மையைப் பார்ப்பார். பொம்மை முழித்துக்கொண்டு அப்படியே இருக்கும். சில நாள் அவருக்கே சந்தேகம் வந்து, தறி ஓடுகிறதா என்று உள்ளே எட்டிப் பார்ப்பதும் உண்டு.

மழை தொடங்கிய ஒரு நாள், தறி நாலும் ஓடிக்கொண்டிருந்தபோது முனிகிருஷ்ணன் கொட்டகை வாசலில் வந்து நின்றார். அவர் வாய் அசைந்தது. பழக்கதோஷத்தில் உமாபதியின் தலை பாதி தூரம் இறங்கிவிட்டது. அங்கேயே அதைப் பிடித்து நிறுத்தினார். எழுந்து போய் சுவிட்சை அணைத்தார்.

"இன்னா கேட்டண்ணா?"

"துன்னியான்னு கேட்டன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். இதுக்கு எதுக்குத் தறிய நிறுத்தற?"

"துன்னன்," என்றார் உமாபதி. மனது லேசாகி, மறுபடி சுவிட்சைப் போட்டார். சத்தம் கொட்டகையை நிறைத்தது.

முனிகிருஷ்ணனின் வாய் இன்னொரு தரம் அசைந்தது. இந்தத் தடவை அவர் கையும் சேர்ந்து எழுந்து, மாடியைக் காட்டி, அதற்கும் மேலே வானத்தில் இன்னொரு மாடி உயரத்தைக் காட்டியது.

உமாபதி சுவிட்சை அணைத்தார்.